உச்சி வெயிலில் உடையும் டி.என்.ஏ... தானே தைத்துக்கொள்ளும் தோல்! விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மேல்விஷாரத்தில் 'தோல்' என்று சொன்னால் எந்தத் தோல் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்த வட்டாரத்தில் தோல் என்றால் டேனரித் தோல்தான். உப்பு தடவி வந்து இறங்கும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், டிரம்மில் சுற்றி நீல நிறத்தில் வெளியே வரும் 'வெட் புளூ', வெயிலில் விரித்துக் காயப்போட்ட தோல்... எல்லாமே இங்கே அன்றாடக் காட்சிகள்.

ஆனால், அதே வெயிலில் இன்னொரு தோலும் காய்கிறது. அந்தத் தோலை விரித்துப் போடும் தொழிலாளியின் தோல்!

இரண்டின் மீதும் விழுவது ஒரே வெயில்தான். வித்தியாசம் என்னவென்றால், பதனிட்ட தோலுக்கு உயிர் இல்லை. வெயில் அதில் செய்யும் மாற்றம் அப்படியே தங்கிவிடும். சாயம் போடாத தோல் வெயிலில் கிடந்தால் நிறம் கறுத்துப்போவது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். உயிருள்ள தோல் அப்படி விட்டுவிடுவதில்லை. வெயில் உடைத்ததை அது உடனே சரிசெய்யத் தொடங்கிவிடுகிறது. இந்த வேலை நம் எல்லோர் தோலிலும் தினமும் நடக்கிறது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத அந்தப் பழுதுபார்ப்பை விஞ்ஞானிகள் எப்படிப் பார்க்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்வதால் டேனரித் தொழிலாளிக்கும், வெயிலில் விளையாடும் குழந்தைக்கும் என்ன பயன்?

வெயில் உள்ளே போய் என்ன செய்கிறது?

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவற்றில் மிகக் கொடியதான 'யு.வி.சி' வகையை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. 'யு.வி.பி'யில் ஒரு பகுதியும், 'யு.வி.ஏ'வில் பெரும்பகுதியும் தரைக்கு வந்து சேர்கின்றன.

நம் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ, ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீளமான இரட்டை இழை. அடுத்தடுத்து இரண்டு 'டி' எழுத்துகள் இருக்கும் இடத்தில் புற ஊதாக் கதிர் பட்டால், அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் பசையால் ஒட்டிக்கொண்டதைப் போல! அந்த இடத்தைச் செல்லால் சரியாகப் படிக்க முடியாது. தப்பாகப் படித்து நகல் எடுத்தால், அது நிரந்தரப் பிழையாகிவிடும். பல ஆண்டுகளில் அப்படிப்பட்ட பிழைகள் முக்கியமான மரபணுக்களில் சேரும்போதுதான் தோல் புற்றுநோய் வருகிறது.

இந்த 'ஒட்டிக்கொள்ளும்' சங்கதியை 1960-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த பியூக்கர்ஸ், பெரண்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உச்சி வெயிலில் நிற்கும்போது ஒரே ஒரு தோல் செல்லில் ஆயிரக்கணக்கில் இப்படி ஒட்டுகள் உண்டாகின்றன.

'கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் வராது' என்று நினைப்பவர்கள் உண்டு. தோலில் இருக்கும் மெலனின் நிறமி நல்ல குடைதான். அதனால்தான் வெள்ளைத் தோல்காரர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால், குடைக்குள்ளும் சாரல் அடிக்கும். பல நிறத் தோல்களில் செய்த ஆய்வுகளில், தோல் சிவக்காத அளவு வெயிலிலும்கூட எல்லா நிறத் தோலிலும் டி.என்.ஏ சேதம் தெரிந்தது. அளவில்தான் வித்தியாசம்.

செல்லுக்குள் ஒரு தையல்காரர்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு ஷூவில் ஒரு துண்டு கெட்டுவிட்டது. கெட்ட இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ஜோடியில் இருக்கும் இன்னொரு ஷூவை அளவு பார்த்துப் புதுத் துண்டு வெட்டித் தைத்தால் வேலை முடிந்தது.

செல்லும் இதைத்தான் செய்கிறது. டி.என்.ஏ-வுக்கு இரண்டு இழைகள். ஓர் இழையில் ஒட்டு விழுந்தால், அதைச் சுற்றி ஏறக்குறைய 30 எழுத்துகள் நீளத்துக்கு வெட்டி எடுத்துவிடுகிறது. எதிர் இழை நன்றாக இருக்கிறது அல்லவா? அதை அளவாக வைத்துப் புதிதாக எழுதி, இரண்டு முனைகளையும் இணைத்துவிடுகிறது. ஒட்டைக் கண்டுபிடிப்பது, இழையைப் பிரிப்பது, வெட்டுவது, நிரப்புவது என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் புரதங்கள் இருக்கின்றன.

இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியவர் அஸீஸ் சன்ஜார். துருக்கியில் சவூர் என்ற சிற்றூரில், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு எட்டுப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். டாக்டருக்குப் படித்து, கிராமத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு, பிறகு அமெரிக்காவுக்கு ஆராய்ச்சி செய்யப் போனார். டி.என்.ஏ பழுதுபார்ப்பு பற்றிய ஆய்வுகளுக்காக 2015-ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும், தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச் ஆகியோருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

இந்தத் தையலுக்கு நேரம் பிடிக்கும் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு வகைச் சேதம் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால், அதிகமாக உண்டாகும் அந்த 'டி-டி' ஒட்டுகளில் பாதி சரியாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம். போதாக்குறைக்கு, 2015-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு இன்னொன்றையும் கண்டுபிடித்தது. மெலனின் இருக்கும் செல்களில், வெயிலை விட்டு நிழலுக்கு வந்த பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேலாகப் புதிய ஒட்டுகள் உண்டாகிக்கொண்டே இருந்தன!

நேற்றைய தையல் முடிவதற்குள் இன்றைய கிழிசல் வந்தால்? அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

செய்தித்தாள் தந்த திருப்பம்

பழுதுபார்ப்பு நடக்கிறது என்பது பாக்டீரியாவில் முதலில் தெரிந்தது. மனிதர்களில் அது எவ்வளவு முக்கியம் என்று தெரிய வந்தது ஒரு செய்தித்தாள் கட்டுரையால்.

1960-களின் பிற்பகுதி. சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கிளீவர் என்ற இளம் விஞ்ஞானி, செல்கள் புற ஊதாச் சேதத்தைச் சரிசெய்வதை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் செய்தித்தாளில், வெயில் பட்டாலே தோல் புற்றுநோய் வரும் ஓர் அரிய நோயைப் பற்றிப் படித்தார். 'ஸீரோடெர்மா பிக்மென்டோஸம்' என்பது அதன் பெயர். சுருக்கமாக எக்ஸ்.பி. 1870-களிலேயே வியன்னா மருத்துவர் கபோசி விவரித்த நோய். காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது.

'இவர்களின் செல்களுக்குத் தைக்கவே தெரியாதோ?' கிளீவருக்குச் சட்டென்று சந்தேகம் வந்தது. நோயாளிகளின் தோல் செல்களை வாங்கி வளர்த்தார். புற ஊதா ஒளியைக் காட்டினார். பிறகு, கதிரியக்க அடையாளம் போட்ட 'டி' எழுத்துகளைச் செல்களுக்குக் கொடுத்தார். சாதாரணச் செல்கள் சேதத்தை வெட்டிவிட்டு, அந்தப் புதிய எழுத்துகளை எடுத்து நிரப்பின. எக்ஸ்.பி நோயாளிகளின் செல்களில் அது மிகக் குறைவாகவே நடந்தது. 1968-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. பழுதுபார்ப்பு நின்றுபோனால் மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று அது.

கடல்பாசியும் வால் நட்சத்திரமும்

இன்று கதிரியக்கம் இல்லாமலே இதைப் பார்க்க முடியும். அதற்குப் பல வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஒட்டிக்கொண்ட எழுத்துகளை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டும் ஆன்டிபாடிகள். அவற்றில் ஒளிரும் சாயத்தை ஏற்றிவிட்டால், சேதம் அதிகம் உள்ள செல் நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும். பழுது சரியாகச் சரியாக வெளிச்சம் மங்கிக்கொண்டே வரும்.

இரண்டாவது, 'காமெட் அஸே' என்ற வால் நட்சத்திரச் சோதனை. நோன்புக் காலத்தில் மேல்விஷாரம் வீடுகளில் கடல்பாசி செய்வார்களே, அந்தப் பாசியிலிருந்து கிடைக்கும் அகர் என்ற பொருளைச் சுத்தப்படுத்தினால் 'அகரோஸ்' என்ற ஜெல் கிடைக்கும். கண்ணாடித் தகட்டில் அந்த ஜெல்லுக்குள் செல்களைப் பதித்து, செல்லின் சவ்வைக் கரைத்துவிட்டு, மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவார்கள். உடையாத டி.என்.ஏ இருந்த இடத்திலேயே உருண்டையாக நிற்கும். உடைந்த துண்டுகள் மட்டும் மின்சாரம் இழுக்கும் பக்கம் நகர்ந்து போகும். சாயம் போட்டுப் பார்த்தால் தலையும் வாலுமாக அசல் வால் நட்சத்திரம்! வால் நீளமாக இருந்தால் சேதம் அதிகம்.

1984-ல் சுவீடனைச் சேர்ந்த ஓஸ்ட்லிங், யோஹான்சன் இருவரும் இதற்கு அடித்தளம் போட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் வடிவத்தை 1988-ல் உருவாக்கிய குழுவின் முதன்மை ஆய்வாளர் நரேந்திர சிங், இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புற ஊதாக் கதிர் டி.என்.ஏ-வைப் பெரும்பாலும் உடைப்பதில்லை, ஒட்டவைக்கிறது. அதனால் வால் சரியாகத் தெரியாது. எனவே, ஒட்டு இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும் ஒரு என்சைமை முதலில் சேர்ப்பார்கள். ஒட்டுகள் வெட்டுகளாக மாறி, வால் வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது வழி, சன்ஜாரின் ஆய்வகம் 2015-ல் வெளியிட்டது. செல் வெட்டி எறியும் அந்தக் குட்டித் துண்டுகளையே பிடித்துப் படித்துவிடுவது. தையல் கடையில் கீழே விழுந்த துணித் துண்டுகளைப் பார்த்து எந்தச் சட்டையில் எங்கே வேலை நடந்தது என்று சொல்வதைப் போல, டி.என்.ஏ-வில் எந்தெந்த இடத்தில் பழுதுபார்ப்பு நடக்கிறது என்று வரைபடமே போட்டுவிடலாம்.

எந்த வழியாக இருந்தாலும், ஒருமுறை பார்த்தால் போதாது. வெயில் பட்டவுடன் ஒரு சோதனை, சில மணி நேரம் கழித்து ஒன்று, மறுநாள் ஒன்று என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். முதல் சோதனை சேதத்தின் அளவைச் சொல்லும். அடுத்தடுத்தவைதான் அது எவ்வளவு வேகமாகச் சரியாகிறது என்பதைச் சொல்லும்.

வட ஆற்காட்டுத் தொழிலாளர்களின் ரத்தத்தில்...

இந்தச் சோதனைகள் எங்கோ அமெரிக்காவில் மட்டும் நடப்பவை என்று நினைக்க வேண்டாம். இதே டேனரி வட்டாரத்திலும் நடந்திருக்கிறது.

கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டப் பகுதி டேனரிகளில் 108 பேரைச் சோதித்தார்கள். குரோமியத்துக்கு நேரடியாக ஆளானவர்கள் 36 பேர், மறைமுகமாக ஆளானவர்கள் 36 பேர், ஒப்பிட்டுப் பார்க்க 36 பேர். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், நேரடியாக ஆளானவர்களிடம் குரோமோசோம் கோளாறுகள் அதிகம் காணப்பட்டன. மறைமுகமாக ஆளானவர்களிடமும், ஒப்பீட்டுக் குழுவைவிடச் சில வகைச் சேதங்கள் கூடுதலாகத் தெரிந்தன. வால் நட்சத்திரச் சோதனையும் டி.என்.ஏ சேதம் கூடியிருப்பதைக் காட்டியது. பழுதுபார்க்கும் மரபணு ஒன்றில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தையும் அவர்கள் சேர்த்தே பார்த்தார்கள்.

அங்கே குற்றவாளி வெயில் இல்லை, 'ஆறு இணைதிற' குரோமியம். டேனரியில் தோல் பதனிடப் பயன்படுவது பொதுவாக 'மூன்று இணைதிற' குரோமியம். அது ஒப்பீட்டளவில் சாது. அது மாறி ஆறு இணைதிறமாகிவிட்டால்தான் ஆபத்து. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியானவை' என்ற முதல் பட்டியலில் இதை வைத்திருக்கிறது. அதே பட்டியலில் சூரியக் கதிர்வீச்சும் இருக்கிறது!

இரண்டுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. பதனிட்ட தோலில் புற ஊதாக் கதிரும் வெப்பமும் அதிகம் பட்டால், அதிலிருக்கும் சாது குரோமியத்தில் சிறு பங்கு ஆபத்தான வகையாக மாறக்கூடும். தோலோடு ஒட்டும் தோல் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதனால், ஏற்றுமதியாகும் ஷூவின் தோலில் எவ்வளவு ஆபத்தான குரோமியம் இருக்கிறது என்று சோதிக்கப்படுகிறது. அந்தத் தோலைத் தொட்டு வேலை செய்தவரின் தோலில் எவ்வளவு சேதம் என்பதை யாரும் அப்படி வழக்கமாகச் சோதிப்பதில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வால் நட்சத்திரச் சோதனையில் வால் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அது ஒருவருக்கான நோய் கண்டறியும் சோதனையும் இல்லை. ஒரு குழுவாகத் தொழிலாளர்களைப் பார்க்கும்போது, எந்த வேலையிடத்தில் சேதம் கூடுகிறது, பாதுகாப்பு ஏற்பாடு செய்த பிறகு குறைகிறதா என்பதைச் சொல்லும் எச்சரிக்கை மணி. வியாதி வந்த பிறகு எண்ணுவதைவிட, வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பார்க்க முடிவதுதான் இதன் மதிப்பு.

தைக்கத் தெரியாத தோலோடு பிறக்கும் குழந்தைகள்

கிளீவர் ஆராய்ந்த எக்ஸ்.பி நோய், அமெரிக்கா, ஐரோப்பாவில் ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒருவருக்கு வருகிறது. இந்தியாவிலும் மருத்துவ இதழ்களில் இத்தகைய குழந்தைகள் பற்றிய குறிப்புகள் உண்டு. பலரின் பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள்.

காரணம் எளிது. குறையுள்ள மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் வந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் இருப்பவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. அவருக்கே தெரியாது. ஒரே தாத்தா பாட்டியின் வழியில் வந்தவர்கள் மணக்கும்போது, இருவரிடமும் அதே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஏறக்குறைய 28 சதவிகிதத் திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. எல்லா மதத்திலும், எல்லாச் சாதியிலும் இருக்கும் பழக்கம் இது.

முதல் அறிகுறிகளை வீட்டில் இருப்பவர்களே கவனிக்க முடியும். கொஞ்ச நேர வெயிலிலேயே குழந்தையின் முகம் கன்றிப்போவது, இரண்டு வயதுக்கு முன்பே முகத்திலும் கையிலும் புள்ளிப் புள்ளியாகக் கறுப்பு விழுவது, வெளிச்சத்தில் கண் கூசி அழுவது. ஆனால், பாதிப் பேருக்கு வெயிலில் கன்றவே கன்றாது, புள்ளிகள் மட்டுமே வரும். 'மச்சம்', 'அழகுப் பிரச்னை', 'திருஷ்டி' என்று விட்டுவிட்டால், பாதுகாப்பு இல்லாமல் வளரும் இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பத்து வயதுக்குள்ளேயே முதல் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது.

சிறிய தோல் மாதிரி எடுத்துச் செல் வளர்த்து, புற ஊதா காட்டிப் பழுதுபார்ப்பை அளப்பது கிளீவர் காட்டிய வழி. இதில் ஒரு வகை எக்ஸ்.பி மட்டும் தப்பிவிடும். ஏனென்றால், அதில் வெட்டித் தைக்கும் வேலை சரியாகவே நடக்கும், நகல் எடுப்பதில்தான் குறை. இப்போது ரத்தத்திலிருந்தே மரபணுக்களைப் படித்து எந்த வகை என்று சொல்லிவிடலாம். மேல்விஷாரத்துக்கு அருகிலேயே வேலூர் சி.எம்.சி-யில் தோல் மருத்துவமும் மரபியல் ஆலோசனையும் கிடைக்கின்றன.

இந்த நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், சீக்கிரம் கண்டுபிடித்து வெயிலிலிருந்து காப்பாற்றினால் புற்றுநோயைப் பெருமளவு தள்ளிப்போடலாம். யு.வி.ஏ கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும் என்பதால் ஜன்னலுக்கும் வண்டிக்கும் தடுப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டும். வெயிலே படாததால் வைட்டமின் டி-யை மருத்துவர் ஆலோசனையோடு தனியாகக் கொடுக்க வேண்டும்.

'டி.என்.ஏ ரிப்பேர்' க்ரீம் வாங்கலாமா?

ஆன்லைனில் இந்தப் பெயரில் க்ரீம்கள் விற்கிறார்கள். இதன் பின்னால் ஓர் ஆய்வு இருப்பது உண்மை. சேதத்தை வெட்டும் பாக்டீரிய வைரஸ் என்சைம் ஒன்றை லோஷனாக்கி, 30 எக்ஸ்.பி நோயாளிகளிடம் ஓராண்டு நடத்திய சோதனை 2001-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. புதிதாக வரும் ஒரு வகைப் புற்றுநோய் சுமார் 30 சதவிகிதம் குறைந்தது. ஆனால், அந்த லோஷன் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெறவில்லை. அந்த ஆய்வைக் காட்டி விற்கும் அழகு க்ரீம் வேறு, அந்த மருந்து வேறு. தொப்பிக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு, பலன் நிச்சயம்.

என்ன செய்யலாம்?

* காலை 10 முதல் மாலை 4 மணி வரை நேரடி வெயிலைக் குறையுங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால், புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம்.
* வெயிலில் வேலை தவிர்க்க முடியாதவர்களுக்கு முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் துண்டு, அகல விளிம்புத் தொப்பி அவசியம். காயப்போடும் களத்துக்கு மேல் வலையோ கூரையோ போட்டால் ஆளுக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது.
* குரோம் வேலையில் கையுறை, பூட்ஸ் கட்டாயம். வேலை முடிந்ததும் கை கால்களைக் கழுவி, உடையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். வேலை உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.
* ஆறாத புண், திடீரென்று வளரும் மச்சம், ரத்தம் கசியும் கட்டி இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.
* சொந்தத்தில் திருமணம் பேசும்போது, குடும்பத்தில் யாருக்காவது வெயில் ஒவ்வாத நோய் இருந்ததா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால், முதலில் மரபியல் ஆலோசனை.

'உச்சி வெயிலில் வெளியே போகாதே' என்று பாட்டிகள் சொன்னபோது அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை. இன்று அந்தச் சேதத்தையும், அது சரியாகும் வேகத்தையும் கண்ணால் பார்க்க முடிகிறது. தையல்காரர் நம் செல்லுக்குள்ளேயே இருக்கிறார். அவர் கேட்பது கொஞ்சம் நிழலும் கொஞ்சம் நேரமும்தான்!